ஆடி மாசமும் அக்காவின் மூணு பவுனும்



எதிரணித் தங்கை அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க: "தங்கம் விலைக்கு நம்ம ஊர் முகூர்த்தம்தான் காரணம். கல்யாண மாசத்துல ஏறும், ஆடியில இறங்கும்." அப்படியா?

எங்க அக்கா வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு. 2024-ல் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறந்துட்டா நகை வாங்கக் கூடாதுன்னு ஆனி கடைசியில் திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு இதே செங்கல்பட்டுக்கு வந்து மூணு பவுன் வாங்கினாங்க. ஜூலை 23, ஆடி 7. டெல்லியில் பட்ஜெட். தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆச்சு. அன்னைக்கே பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் சரிவு! அக்காவுக்கு ஆறாயிரம் போச்சு.

"ஆடியிலதானே இறங்குச்சு?" என்பார்கள். நடுவர் அவர்களே, கல்யாணம் நின்றது ஆடி 1-ஆம் தேதி. விலை விழுந்தது 7-ஆம் தேதி. ஆறு நாள் ஆடி மாசம் தூங்கிக்கிட்டா இருந்தது? (சிரிப்பு)

அதே வருஷம் தீபாவளிக்குப் பவுன் 60,000-ஐ நெருங்கியது. இரண்டே வாரத்தில் 55,000 சொச்சம். நாம என்ன, தீபாவளியோடு ஆசையை விட்டுட்டோமா? அமெரிக்கத் தேர்தல் முடிஞ்சு டாலர் பலமாச்சு. உலகம் தங்கத்தை டாலரில் விலை பேசுது. டாலர் நிமிர்ந்தா பெரும்பாலும் தங்கம் குனியும்.

இத்தனை இறக்கத்துக்கும் பிறகு, ஜனவரியில் 47,000 இருந்த பவுன் டிசம்பரில் ஏறக்குறைய 57,000. ஏன்? 2022-ல் ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்பை மேல்நாடுகள் முடக்கின. மற்ற நாடுகள் பயந்துபோய், மத்திய வங்கிகளாகச் சேர்ந்து வருஷத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம்ம ரிசர்வ் வங்கியே 2024-ல் 70 டன்னுக்கு மேல் வாங்கியது. அந்த வண்டியில் அக்காவின் மூணு பவுன் எந்த மூலைக்கு? (கைதட்டல்)

நாம வாங்குறதும் கொஞ்சம் விலையைத் தள்ளும்; அதை மறுக்கலை. ஆனா ஆசை ஆசைன்னு எங்க பெண்களைக் குத்தாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறினா ஃபைபர் படகு கரையில, வளையல் அடகுக் கடையில. கொக்கிலமேட்டில் அடுப்பு எரியணுமே! அவங்களுக்கு அதுதானய்யா பேங்க்.

அக்கா இன்னிக்கும் "என் நேரம்"னு சொல்றாங்க. "உன் நேரம் இல்லக்கா, டெல்லி நேரம்"னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நல்ல தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே!