வாசலை விலைக்கு வாங்கியவர்கள்



உங்கள் கைபேசியை எடுத்துப் பாருங்கள். தேடுகிற பெட்டியில் யார் பெயர் இருக்கிறது? கூகுள். அதை அங்கே வைத்தது நீங்களா? நான் வைக்கவில்லை. வாங்கும்போதே இருந்தது.

அது தானாக வந்து உட்காரவில்லை, ஐயா. பிறர் கருவிகளிலும் உலாவிகளிலும் அந்த முதல் இடத்தைப் பிடிக்க 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பெழுதினார்: கூகுள் ஏகபோக நிறுவனம்தான், அதைக் காத்துக்கொள்ளச் சட்டத்தையும் மீறியது என்று.

"சரக்கு நல்ல சரக்கு, அதனால் ஓடுகிறது" என்கிறார்கள் நண்பர்கள். நல்ல சரக்குதான். நானே தினமும் பயன்படுத்துகிறேன். சரக்கே போதுமென்றால் அந்த முதல் இடம் என்கிற வாசலுக்கு ஏன் இவ்வளவு பணம்? ஆட்கள் தேடத் தேடத்தான் தேடுபொறி தேறும். வாசலை ஒருவரே வளைத்துக்கொண்டால் அடுத்தவருக்கு ஆளும் வராது, தேர்ச்சியும் வராது. பெரிதாக வளர்ந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. வழியை அடைத்ததைத்தான் சொல்கிறேன்.

நம் சென்னைக்கே வருகிறேன். இணையத்தில் வரன் தேடித் தரும் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012இல் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது 2018இல். ஆறு வருடம்! கையில் முதல் இல்லாத ஒரு சின்ன நிறுவனம் அதுவரை உயிரோடு இருக்குமா? 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில், அதே சென்னை நிறுவனத்தின் செயலிகளைக் கூகுள் தன் செயலிக் கடையான பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. கட்டணம் செலுத்தவில்லை என்பது கூகுளின் வாதம். இருக்கட்டும். வழக்காடும் இரு தரப்பில் ஒரு தரப்பின் கையிலேயே கடையின் சாவி இருக்கலாமா? மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் செயலிகள் திரும்பின.

அதே மார்ச் மாதம் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. கேடு நடந்து முடியும்வரை காத்திராமல் பெரிய நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதி வகுப்பது அதன் நோக்கம். இங்கே வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். அந்த வரைவைத் தமிழில் எழுதித் தாருங்கள். நம் வாசகர் வட்டத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் வரிவரியாகப் படிப்போம்.