தூங்கினாயா என்று கேளுங்கள்

(எங்கள் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பரிசு வாங்கிய குழந்தைகளைப் பாராட்டியாயிற்று. அவர்களுடைய தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

புனேயில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். ஒருநாள் காலை எட்டு மணி வகுப்பில் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் தூங்கி விழுந்தான். எழுப்பி, "இது என்ன சத்திரமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு வெளியே அனுப்பினேன். மத்தியானம் திருத்துவதற்கு லேப் ரெக்கார்டுகளை எடுத்தால், மேலே இருந்தது அவனுடையது. 'சரியில்லை, திரும்ப எழுது' என்று முந்தின நாள் நான் திருப்பிக் கொடுத்தது. முழுவதையும் புதிதாக எழுதியிருந்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதாக அவனுடைய ஹாஸ்டல் சிநேகிதன் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை என்று இப்போது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பொறியியல் பட்டப்படிப்பை 220 க்ரெடிட்டிலிருந்து 160-ஆகக் குறைத்தது. எட்டு செமஸ்டருக்குத் தலா 20. வாரத்தில் ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு க்ரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பாடத்துக்கு 14, லேபுக்கு 6 என்று வைத்தால் வாரம் 26 மணி நேரம். கேட்க சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி எழுதும் ரெக்கார்டும், அசைன்மெண்டும், பரீட்சைக்குப் படிப்பதும் இந்த 26-ல் சேராது. போதாததற்கு நாம் வேறு, "சும்மாத்தானே இருக்கே, கோடிங்கும் கத்துக்கோ, கேட் கோச்சிங்லேயும் சேர்ந்துடு" என்கிறோம். அவர்கள் குறைத்ததை நாம் ஏற்றிவிடுகிறோம்.

நம் வீடுகளில் படிப்புதான் சொத்து. அதில் தப்பில்லை. என் பேத்தி பெங்களூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள் பட்சணத்தைக்கூடத் தொடாமல் இரண்டு நாள் தூங்கினாள். அதுவரை போனில் மார்க்கைத்தான் முதலில் கேட்பேன். இப்போது, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்துண்டே?" என்று கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் பத்து மணி என்றாள். மூன்றாவது வாரம்தான் நிஜத்தைச் சொன்னாள்: "மூணு மணி, தாத்தா."

ஆயாசம் வாரக்கணக்கில் நீடித்தால், குழந்தை சரியாகச் சாப்பிடாமல் பேசாமல் இருந்தால், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை 2022 முதல் இருக்கிறது, எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வாசல் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், போகும்போது குறித்துக்கொள்ளுங்கள்.