முறைப்பாட்டுப் புத்தகமும் பொலிஸ் சீருடையும்

பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞரின் உயரத்தையும் மார்பளவையும் நாடாவால் அளந்துவிடலாம். அவருடைய நன்னடத்தையோ கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் பொலிஸாரின் பின்னணி விசாரணையையும் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மாத்தளையின் ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ சம்பள உயர்வு கேட்டு நடந்த மறியலில், அல்லது திருவிழாக் கைகலப்பில் ஒருவர் பிடிபட்டால், அவர் பெயர் முதலில் முறைப்பாட்டுப் புத்தகத்திலும், பின்னர் விசாரணை நிலவரத்தை நீதவானுக்கு அறிவிக்கும் ‘பீ’ அறிக்கையிலும் சந்தேகநபர் என்று ஏறிவிடுகிறது. வழக்கே தொடரப்படாமல் அவர் விடுவிக்கப்படலாம். வழக்கு நடந்து குற்றம் நிரூபிக்கப்பட்டாலுங்கூட, வயதையும் குற்றத்தின் சிறுமையையும் கருதி, குற்றத்தீர்ப்பு எழுதாமலே நிபந்தனையுடன் விடுவிக்க 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு நீதவானுக்கு இடமளிக்கிறது. நீதிமன்றமே வேண்டாம் என்று விட்ட கறையை நியமனக் கோப்பில் மீண்டும் பூசுவது, குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே எனக் கூறும் அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையோடு எளிதில் பொருந்துவதன்று.

தமிழ்நாட்டின் காவலர் தெரிவு விதி இதில் மிகக் கடுமையானது. சந்தேகத்தின் பலனால், அதாவது குற்றம் ஐயமற நிறுவப்படாமையால், விடுதலையானவரையும் அது குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமோ, 2016 இல் அவதார் சிங் வழக்கில், விண்ணப்பதாரர் உண்மையை மறைக்கக் கூடாது என்று வலியுறுத்திய அதேவேளை, இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப விடயங்களைப் பொறுத்தருளும் உரிமையையும் நியமன அதிகாரிக்கு அளித்தது.

அப்படியானால் குற்றத்தீர்ப்பு இல்லாத எவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் போதாது என்பதற்கு இலங்கைப் பொலிஸின் உச்சப் பதவியே சான்று. 2010 இல் ஒருவரைத் தடுத்துவைத்துச் சித்திரவதை செய்ததில் பொலிஸ் அதிகாரியான தேசபந்து தென்னக்கோனும் வேறு சில அதிகாரிகளும் அடிப்படை உரிமைகளை மீறினர் என 2023 டிசம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உரிமை மீறல் வழக்கேயன்றிக் குற்ற வழக்கு அன்று. ஆகையால் சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். எனினும் சான்றுகளை ஆராய்ந்து சொன்னது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். அத்தகையவர் 2024 பெப்ரவரி 26 இல் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். நியமனத்தை அங்கீகரிக்கும் அரசியலமைப்புப் பேரவையில் ஆதரவாக விழுந்த நான்கு வாக்குகள் போதுமா என்பதும் சபாநாயகரின் வாக்கு செல்லுமா என்பதும் பெரும் சர்ச்சையாயின. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலை 24 இல் அவர் அப்பதவியில் செயற்பட இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்ட் 5 இல், நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. கடைநிலைக் கான்ஸ்டபிளுக்கு வீட்டுவாசல் வரை வந்து விசாரிக்கும் அமைப்பு, உச்சியில் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே தாண்டிச் சென்றது வேடிக்கையன்று, வெட்கம்.

2012 இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவிலிருந்து 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டதையும், அவை எக்காலத்தவை என்பதில் ஆய்வாளர்கள் முரண்பட்டதையும் அறிந்த இந்த ஊருக்கு, சீருடை யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. ஆகவே நியமன அதிகாரி காணவேண்டியவை இரண்டு: குற்றச்சாட்டை ஆராய்ந்து முடிவு சொன்னவர் யார் என்பதும், கைதியொருவரை அடைத்துவைக்கும் அதிகாரத்தை விண்ணப்பதாரரிடம் ஒப்படைக்கலாமா என்பதும். மறியலில் பிடிபட்டவர் இத்தேர்வில் தேறுவார். காவலில் இருந்தவரை அடித்தவர் தேறமாட்டார்.

நிராகரிப்பதாயின் காரணமும் எழுத்தில், அந்தக் கடிதத்திலேயே தரப்பட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்கலாமெனினும், கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கவே அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய அரசியலமைப்பு விண்ணப்பதாரருக்குத் தந்திருப்பதோ ஒரே மாதம்.