கூலி நாளும் தவணை நாளும்

(தருமபுரி மாவட்டத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிக்கனத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் முகம் சுளித்தார்கள். நியாயம்தான். சிக்கனமாயிரு என்று நமக்கு இதுவரை சொன்னவர்கள் யார்? கூலி உயர்வு கேட்டபோது முதலாளி சொன்னான். விலைவாசி ஏறியபோது மந்திரிகள் சொன்னார்கள். குழந்தையின் பாலிலும், நோயாளியின் மருந்திலும், களையெடுத்து விட்டு வருகிறவளின் சோற்றிலும் கை வைக்கச் சொல்கிற சிக்கனம் அது. அதைச் சொல்ல நான் வரவில்லை. குறைந்த கூலியை மிச்சம் பிடித்தே நல்ல கூலியாக்கிவிடவும் முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும்.

நான் கேட்பது வேறு. கைக்கு வந்த கூலி எந்த வாசல் வழியாக வெளியே போகிறது?

கூலி நாளன்று நம் தெருவைப் பாருங்கள். மொபெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியும் எவர்சில்வர் அண்டாவும் கட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். "இன்றைக்கு ஒரு பைசா வேண்டாம் அக்கா, வாரம் நூறு கொடுத்தால் போதும்" என்கிறார். காலையில் எழுந்தபோது அந்த வீட்டில் எவருக்கும் அண்டா வேண்டும் என்ற நினைப்பே இருந்திருக்காது. மாலையில் அண்டா உள்ளே வந்துவிடுகிறது. அதன் ரொக்க விலை என்ன என்று நாம் கேட்பதில்லை. வாரம் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நம் வாயில் வைத்தவன் கெட்டிக்கார வியாபாரி!

இப்போது கடையே சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கமும் வராமல் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் வாலிபன் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சட்டை வீட்டுக்கு வருகிறது. அட்சய திருதியைக்குப் பொன் வாங்காவிட்டால் குடும்பம் விளங்காது என்று பயம் காட்டுகிறார்கள். நம் பாட்டிமார் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்த் தலை முழுகினார்கள்; இந்தத் திருதியைக்கு நகைக்கடை வாசலில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆண் தோழர்களுக்கும் ஒரு கணக்கு. குவார்ட்டர் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று என்றால் மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கான பதிவு முகாமை முதலமைச்சர் ஸ்டாலின் 2023 ஜூலை 24-ல் நம் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. மனைவிக்கு ஆயிரம் வருகிறது, கணவன் ஆயிரத்து எண்ணூறைத் திருப்பிக் கட்டிவிடுகிறான். சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு வீட்டில் போய்க் கணக்குப் போடுங்கள்.

இப்படிப் போன பணத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடச் செலவுக்கு, பிரசவத்துக்கு எங்கே போகிறோம்? தண்டல்காரனிடம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுக்கிறான். நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். நூற்றுக்குப் பதினைந்து வட்டிதானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். பாதி நாள் கழிந்தபோது நம்மிடம் பாதிப் பணம்கூட இல்லை. கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்குக் குறையாத வட்டி அது! தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தடை செய்து 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரன் மொபெட்டில் இருக்கிறான்.

இதற்கு மாற்று எங்கோ தூரதேசத்தில் இல்லை. நம் மண்ணிலேயே பிறந்தது. 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த இதே தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு முதன்முதலாக மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. அதற்குப் பிறகுதான் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் மற்ற ஜில்லாக்களுக்கும் போயிற்று. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை ஒன்றுகூடி, தலைக்கு இவ்வளவு என்று சிறு தொகை போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்று உட்கார்ந்து பேசித் தீர்மானம் எழுதினார்கள். பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, அது குறைந்ததல்லதான். ஆனால் அந்த வட்டி எங்கே போயிற்று? மறுபடி அவர்கள் பெட்டிக்கே வந்தது.

இதிலே நாம் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எதற்குக் கடன் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். மருந்துக்கு என்றால் தலையாட்டுவாள். ஆட்டுக்குட்டி வாங்க என்றால் விலை கேட்பாள். அண்டாவுக்கு என்றால், "இருக்கிற அண்டாவுக்கு என்னடி கேடு?" என்பாள். தனியாக நிற்கும்போது நம்மால் அடக்க முடியாத ஆசையை அந்தக் கேள்வி அடக்கிவிடும்.

பின்னால் வந்தவன் இந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டான். நுண்கடன் கம்பெனிகள் வந்தன. அதே பெண்கள்தான், அதே திண்ணைதான். ஆனால் பணம் கம்பெனியுடையது; ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். எதற்குக் கடன் என்று எவரும் கேட்பதில்லை, தவணை எங்கே என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட வேறொன்று. 2010-ல் ஆந்திராவில் இது தற்கொலைகள் வரை போய், அரசு அவசரச் சட்டம் போட நேர்ந்தது. இங்கே 2025-ல் சட்டமன்றம் கடன் வசூலில் மிரட்டலைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. மிரட்டுகிறவனைப் பற்றிப் புகார் எழுத வேண்டுமானால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

இன்னொரு சேமிப்பும் உண்டு. மூன்று வருஷம் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, நம் பெண்பிள்ளைகளைக் கோவைப் பக்கமும் திருப்பூர்ப் பக்கமும் கூட்டிப்போனார்களே, சுமங்கலித் திட்டம் என்று! இடையில் நோயோடு திரும்பியவள் வெறுங்கையோடு நின்றாள். கொடுக்காத கூலிக்குச் சேமிப்பு என்று பெயர் வைத்தார்கள். பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஆலைத் தோழர்களுக்குச் சொல்கிறேன். கதவடைப்பு வந்தால் முதல் வாரம் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். இரண்டாம் வாரம் யார் நழுவுகிறான்? கோழை அல்ல, தவணை கட்டவேண்டியவன். அவனைத் திட்டிப் பயனில்லை. முதலாளி பேச்சுவார்த்தையை இழுப்பது அவன் வீட்டுத் தவணைத் தேதி தெரிந்துதான்.

ஆகவே இன்றைக்கு நான் கேட்பது பெரிய காரியமல்ல. கூலி வாங்கினால் நேரே வீட்டுக்குப் போங்கள். சந்தைக்கு மறுநாள், வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். புதிதாக எதையும் வாங்கத் தோன்றினால் ரொக்க விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த கூலி நாள்வரை பொறுங்கள். முக்கால்வாசி ஆசை அதற்குள் தானே ஆறிவிடும். ஆறாதது உண்மையான தேவை, அதை வாங்குங்கள். பிள்ளையின் நோட்டு ஒன்றில் ஒரு மாதச் செலவை டீயும் பீடியும் உட்பட எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள். அப்பன் எதை விட்டுவிட்டான் என்று அது சொல்லிவிடும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டுகளைக் கொண்டு வாருங்கள். பத்துப் பேர் வந்தால்கூடப் போதும், உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, பெட்டி எங்கே வைப்பது என்று அன்றைக்கே பேசிவிடலாம்.