வாசலில் மண் வெட்டுவதற்கு முன்



கேட் விளக்குக்கோ பின்கட்டுச் சமையலறைக்கோ கரண்டு கொண்டுபோக, மண்ணைத் தோண்டி பைப் புதைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகனோ பேரனோ கடப்பாரையோடு வந்து நிற்பார். "மெயின் சுவிட்சை அடைத்துவிட்டேன், பயமில்லை" என்பார்.

ஐயா, அம்மா, அங்கேதான் ஆபத்து. மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் ஓடும் கரண்டை மட்டுமே நிறுத்தும். தெனாகா கேபிள் தரைக்கடியில் மீட்டருக்கு வரும் வீடுகளில், அந்தக் கேபிளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். கடப்பாரை அதில் பட்டால் உங்கள் வீட்டு இ.எல்.சி.பி.யும் காப்பாற்றாது. கம்பத்திலிருந்து மேலே வருகிறதா, தரைக்கடியில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் தெனாகாவை 15454-இல் கேளுங்கள்.

இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடம் கொடுங்கள். ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போனது, பழைய கழிவுநீர்த் தொட்டியை எங்கே மூடினோம், வீட்டைப் பெரிதாக்கியபோது எதை மாற்றினோம் என்பது உங்கள் நினைவில்தான் இருக்கிறது. தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. குழாய் இருக்கும் இடத்தை நெருங்கினால் கடப்பாரையை வைத்துவிட்டு, மண்ணை மெதுவாகக் கையால் விலக்கச் சொல்லுங்கள். புதிய பைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி கேளுங்கள். மூடும்போது மேலே எச்சரிக்கை நாடா போடச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்துத் தோண்டுகிறவருக்கு அதுதான் அடையாளம்.

தண்ணீர்க் குழாய் உடைந்தால், சகதியும் கழிவுநீரும் உள்ளே புகலாம். வயிற்றுப்போக்கு அப்படித்தான் வருகிறது. பழுது பார்த்த பிறகு தண்ணீர் தெளியும்வரை திறந்து விடுங்கள். அன்று குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆகட்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால், பதறி ஓடித் தொடாதீர்கள். ஈர மண்ணில் கிட்டேயும் போகாதீர்கள். உடனே 999-ஐ அழைத்து, கரண்டு அடித்தது என்று முதலிலேயே சொல்லுங்கள். கரண்டு நிறுத்தப்பட்ட பிறகே அவரைத் தொடலாம். "ஒன்றுமில்லை, சும்மா ஒரு உதறல்தான்" என்று எழுந்து உட்கார்ந்தாலும் விடாதீர்கள். இதயத் துடிப்பு மாறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.