முப்பது வயதும் தலையெழுத்தும்
(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



முப்பது வயதை எட்டிய ஒரு சாதாரண மனிதன் தன் வாழ்க்கைக்கு என்ன பந்தோபஸ்து செய்து கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தறி ஓட்டுபவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள். பாட்டன் சொத்தென்று யாருக்கும் எதுவுமில்லை. ஆகவே பணக்காரர்களுக்குச் சொல்லும் யோசனைகளை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லி விடுகிறேன். என் தமையனார் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்து வந்தார். அவருடைய ஜாதகத்தை எழுதியவர் ஆயுசு எண்பது என்று எழுதியிருந்தார். 2022ஆம் வருஷத்தில், அவருக்கு 32 வயதாகும்போது, இராத்திரி வேலை முடிந்து வரும் வழியில் லாரி மோதி இறந்து போனார். அண்ணிக்கு அப்போது வயது 26. கையிலே ஒரு குழந்தை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கருமாதிச் செலவுக்கென்று நூற்றுக்கு மாதம் பத்து வட்டியில் 40,000 ரூபாய் கடன் வாங்கினோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயந்தான் காரணம். செத்தவருக்குச் செய்ததாக நினைத்துக்கொண்டு உயிரோடிருந்தவளின் கழுத்தில் கல்லைக் கட்டினோம்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 4,000 வட்டி. இரண்டு வருஷத்தில் 96,000 ரூபாய் கட்டினோம். அதற்குப் பிறகும் அசல் 40,000 அப்படியே நின்றது. அண்ணியின் நகை போயிற்று. அவர் இராப்பகலாகத் தையல் தைத்த கூலியும் போயிற்று. பிறகு ஒரு நாள் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் வந்து, "பிராவிடண்டு பண்டில் சேர்ந்த தொழிலாளி வேலையிலிருக்கும்போது இறந்தால், பண்டுத் தொகையோடு அவன் குடும்பத்துக்கு ஒரு இன்ஷ்யூரன்ஸ் தொகையும் உண்டே, வாங்கினீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களில் எவருக்கும் தெரியாது. மனுப் போட்டோம், பணம் வந்தது, கடன் தீர்ந்தது. ஆனால் அந்த 96,000? அது எங்கள் அறியாமைக்கு நாங்கள் கட்டிய வரி! உறவினர்களோ இன்றைக்கும் அதைத் தலையெழுத்து என்றுதான் சொல்லுகிறார்கள்.

தோழர்களே! தலையெழுத்து, கிரகபலன் என்பவற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறதென்று பார்க்க வேண்டுமானால் வாதம் எதுவும் வேண்டாம். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரன் கொடுக்கும் பாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். உன் வயதென்ன, என்ன தொழில் செய்கிறாய், புகை பிடிப்பாயா, என்ன வியாதி வந்திருக்கிறது என்றெல்லாம் கேட்கிறான். உன் இராசியென்ன, இப்போது என்ன திசை நடக்கிறது என்று எங்கேயாவது கேட்கிறானா? அவன் தன் வீட்டுக் கலியாணத்துக்கு ஜாதகம் பார்க்கலாம். ஆனால் தன் கைப்பணத்தைப் பணயம் வைக்கும் இடத்தில் ஜாதகத்தை நம்ப அவன் தயாராயில்லை. ஜாதகத்தால் ஆயுசு தெரியுமென்றால், அதைப் பார்த்துப் பிரிமியம் போட்டு அவன் கோடி கோடியாய் இலாபமடைய மாட்டானா?

அவன் நம்புவது பிறப்பு இறப்புக் கணக்கை. 1693இல் எட்மண்டு ஹாலி என்ற ஆங்கிலேயர் பிரெஸ்லா நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். உலகமே அபசகுனம் என்று பயந்த வால் நட்சத்திரம் ஒன்று 1758இல் மறுபடியும் வருமென்று கணக்குப் போட்டுச் சொன்னவரும் இதே ஹாலிதான். அதுவும் அப்படியே வந்தது. ஆகாயத்திலிருந்த பயத்தையும் ஆயுசைப் பற்றிய பயத்தையும் ஒரே மனிதர் கணக்கிலே கொண்டு வந்துவிட்டார். எந்த ஒருவன் எப்போது சாவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இலட்சம் பேரில் எத்தனை பேர் சாவார்கள் என்பதை ஏறக்குறையச் சொல்ல முடியும். ஆகவே இலட்சம் பேரும் சிறுசிறு தொகை போட்டுச் செத்தவன் குடும்பத்தைக் காப்பாற்றலாம். இதுதான் இன்ஷ்யூரன்ஸ். இதில் தெய்வ சகாயமுமில்லை, மாயமுமில்லை.

நிற்க, நாம் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, கடன். 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் கையில் காசில்லாதவன் சட்டத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. வட்டிக்காரனைத்தான் தேடி ஓடுகிறான். ஆதலால் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவுக்கான பணம் பாங்கியில் தனியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. மாதம் ஐந்நூறாவது போட்டுச் சேருங்கள். கலியாணம், காதுகுத்து, திருவிழா எதற்கும் அதைத் தொடக்கூடாது. வியாதிக்கும் வேலை போனதற்கும் மாத்திரமே அந்தப் பணம்.

இரண்டாவது, இன்ஷ்யூரன்ஸ். 2015இல் சர்க்கார் ஏற்படுத்திய இரண்டு திட்டங்கள் பாங்கிகளின் மூலம் நடக்கின்றன. 2022இல் நிர்ணயித்தபடி வருஷத்துக்கு 436 ரூபாய் கட்டினால், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 இலட்சம். 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 இலட்சம். இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். ஒரு பரிகார பூஜைக்கு இதைவிட அதிகம் செலவாகிறதே! பூஜை செய்து வைத்தவர், பலிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிறாரா?

மூன்றாவது, பிராவிடண்டு பண்டு. இது 1952இல் சட்டமாயிற்று. 20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில் தொழிலாளி நூற்றுக்கு 12 போட்டால் முதலாளியும் 12 போட வேண்டும். "பிடித்தம் வேண்டாம், கையில் கொடுத்துவிடு" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலாளி தர வேண்டிய பங்கைத் தாங்களே தானம் செய்கிறவர்களாவார்கள். பண்டில் இருப்பவர் இறந்தால் கிடைக்கும் இன்ஷ்யூரன்ஸ் தொகை 2021 முதல் 7 இலட்சம் வரையில் உண்டு. இதற்குத் தொழிலாளி தனியாக ஒரு காசும் கட்டுவதில்லை. வாரிசுப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று நாளைக்கே பாருங்கள். கலியாணத்துக்கு முன் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் மாற்றி எழுதுங்கள்.

நான்காவது, காலம். முப்பதாவது வயதிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வீதம், வருஷத்துக்கு நூற்றுக்கு 7 வட்டி கிடைப்பதாக வைத்துக் கொண்டால், அறுபதாவது வயதில் ஏறக்குறைய 12 இலட்சம் சேரும். நாற்பதில் ஆரம்பித்தால் 5 இலட்சத்துச் சொச்சந்தான். குறைத்துப் போட்டது 1 இலட்சத்து 20 ஆயிரம். இழந்ததோ 7 இலட்சம். ஆனால் அதிக வட்டி என்று ஆசை காட்டுகிறவனிடம் போகாதீர்கள். ஊர்தோறும் முளைத்த பைனான்சு கம்பெனிகள் ஜனங்களின் பணத்தை விழுங்கியதால்தான் 1997இல் இங்கே தனிச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. பாங்கியில் போட்டால் 2020 முதல் 5 இலட்சம் வரையில் சட்டப்படி காப்பு உண்டு.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தக் கணக்கெல்லாம் ஆண்பிள்ளையின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. என் அண்ணிக்குத் தம் புருஷனுடைய பண்டு நம்பர்கூடத் தெரியாது. பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று நாங்கள் இருந்ததன் பலனை அனுபவித்தது அந்தப் பெண்தான். ஆகையால் வருமானம், கடன், பாங்கிக் கணக்கு, வாரிசுப் பெயர் ஆகிய எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மனைவியும் கணவனும் மாதம் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பெண்ணின் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இதனால் மாத்திரம் ஏழ்மை ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மிச்சம் பிடிக்கவே முடியாத கூலியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமாயிரு என்று உபதேசிப்பது அயோக்கியத்தனமாகும். கூலிக்கும் பண்டுக்கும் சேர்ந்து நின்றுதான் போராட வேண்டும். ஆனால் வட்டிக்காரனுக்குப் பயந்து கிடப்பவன் ஒரு நாள் வேலை நிறுத்தத்துக்குக்கூட வரமாட்டான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மூன்று மாதச் சாப்பாடு கையில் இருப்பவன்தான் முதலாளியின் முன் நிமிர்ந்து பேசுவான்.

என் அண்ணி இப்போது சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறார். சுவரில் ஜாதகமோ படமோ இல்லை. கணக்கு நோட்டு ஒன்று தொங்குகிறது. அதைப் போல ஒரு நோட்டு நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தொங்க வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.