இருளிலே வாழும் மின்மீன்



வண்ண மீன்கள் விற்கும் கடைகளிலே, செந்நிறமும் பொன்னிறமுமாக ஓடித்திரியும் மீன்களுக்கு நடுவே, கன்னங்கரிய நாடாத் துண்டு போன்ற ஒன்று ஒதுங்கி நிற்பதைச் சிலர் கண்டிருக்கலாம். நெற்றியிலிருந்து முதுகு வழியே ஒரு வெண்கோடு. வாலிலே இரண்டு வெள்ளை வளையங்கள். மற்றெல்லாம் மை நிறம். வியாபாரிகள் அதனை 'பிளாக் கோஸ்ற்' என்பர். கரும்பேய் மீன் என நாம் சொல்லலாம். இத்துணைச் சாதுவான பிராணிக்குப் பேய் என்ற பெயர் வந்தது அநியாயமே. கடையிலே அது ஒரு விரல் நீளந்தான் இருக்கும். அழகில் மயங்கி வாங்கிச் சென்று, பின்னர் தாமும் அவதிப்பட்டு அம்மீனையும் அவதிப்படுத்துவோர் பலர். அது எத்தகைய உலகில் வாழ்கின்றது என்பதை அறியாமையே அதற்குக் காரணம்.

இதன் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள அமேசன் ஆற்றுப் பிரதேசமாகும். 1766 இல் சுவீடன் தேசத்து அறிஞர் லினேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். இரவிலே இரை தேடும் பிராணி இது. இதன் கண்கள் மிகச் சிறியன. கலங்கிய நீரிலே, நள்ளிரவிலே, பெரிய கண் இருந்துதான் என்ன பயன்? இம்மீன் மின்சாரத்தினால் வழி அறிகின்றது. வாற்பக்கத்திலுள்ள மின்னுறுப்பு, செக்கனுக்கு ஏறக்குறைய 1000 தடவை, இரவு பகல் ஓய்வின்றி மெல்லிய மின்துடிப்புக்களை நீரிலே விடுகின்றது. அருகே ஒரு கல் இருந்தால் அந்த மின்புலம் ஒருவிதமாகவும், புழு இருந்தால் வேறுவிதமாகவும் திரிகின்றது. தோலெங்கும் பரந்துள்ள நுண்ணிய உறுப்புக்கள் அத்திரிபை உணர்கின்றன. நாம் தொட்டியினுள் கையை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. இதன் தூரத்து உறவான மின்விலாங்கின் அடி வேறு, இது வேறு.

இத்தகைய புலன் ஒன்று உண்டு என்பதை உலகம் அறிந்தது அண்மைக் காலத்திலேதான். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் லிஸ்மன், ஆபிரிக்க மீன் ஒன்று பின்னோக்கி நீந்தும்போதும் எதிலும் முட்டாதிருப்பதைக் கவனித்தார். அதன் வாலிலிருந்து இடைவிடாத மின்துடிப்புக்கள் எழுவதை 1951 இல் வெளியிட்டார். பின்னர் 1958 இல், தாமும் மெச்சின் என்பவரும் செய்த பரிசோதனைகளை எழுதினார். வெளித்தோற்றத்தில் ஒரேமாதிரியான, நீர் ஊறும் மட்பாத்திரங்களை அவர்கள் தொட்டியில் வைத்தனர். உள்ளே இருந்த பொருள் மட்டும் வேறு. ஒன்றை நாடினால் உணவு கிடைக்கும் எனப் பழக்கியபோது, கண்ணாலோ மூக்காலோ அறியமுடியாத அந்த வேறுபாட்டை மீன் மின்சாரத்தினாலேயே கண்டுபிடித்தது.

நமது கரும்பேய் மீனும் அவ்வாறே பின்னோக்கி நீந்தும். உடலை வளைக்காது, வயிற்றின் கீழ் நெடுக ஓடும் ஒரே செட்டையை அலைபோல் அசைத்து முன்னும் பின்னும் செல்லும். உடல் வளைந்தால் மின்புலமும் குழம்புமல்லவா?

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு நன்கு விளங்கக்கூடிய செய்தி ஒன்றுண்டு. அடுத்தடுத்த அலைவரிசைகளில் இரு நிலையங்கள் ஒலிபரப்பினால் ஒன்றை மற்றொன்று குழப்பும். மின்மீன்களுக்கும் இத்தொல்லை உண்டு. தன் துடிப்பின் வேகத்தை ஒத்த மின்னலை அருகே எழுந்தால், மீன் தன் வேகத்தைச் சற்று மாற்றிக்கொள்வதை வற்றனபே, தக்கேடா என்ற இரு யப்பானியர் 1963 இல் இவ்வினத்தோடு உறவுடைய மீனொன்றிலே கண்டறிந்தனர். பின்னர் கரும்பேய் மீனின் இனத்திலும் அது காணப்பட்டது. அழகுக்கென இரண்டு கரும்பேய் மீன்களைச் சிறு தொட்டியிலே விடுவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அவை ஒன்றையொன்று துரத்திக் கடிப்பதும் உண்டு. ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும்.

தொட்டி பெரிதாக இருத்தல் அவசியம். இம்மீன் ஆற்றிலே ஒன்றரை அடிக்கு மேலும் வளரும். தொட்டியிலும் ஓர் அடியைத் தாண்டும். பத்தாண்டு வாழ்தலும் உண்டு. 400 லீற்றர் கொள்ளும், ஐந்தடி நீளமான தொட்டி இல்லாதவர் வாங்காதிருப்பதே நன்று. நீர் 23 முதல் 28 பாகை வரை சூடாயிருக்கலாம். கொழும்பிலே இதற்குத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை, நுவரெலியாவில் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பு மிகுந்தது. இம்மீனோ மென்னீரை விரும்புவது. அங்குள்ளோர் சுத்தமான மழைநீரைக் கலந்துகொள்ளலாம். ஆனால் ஒரேநாளில் நீரை முழுவதும் மாற்றுதல் ஆகாது.

பகலிலே ஒளிந்திருக்க இடம் வேண்டும். குழாய்த் துண்டொன்றைப் போட்டுவைத்தால் அதனுள்ளே கிடக்கும். குழாய் கண்ணாடி போல் தெளிவானதாயினும் குறையில்லை. நாம் அதனைக் காண்போம். அதுவோ சுற்றிலும் சுவர் இருப்பதை மின்சாரத்தால் உணர்ந்து, தான் மறைந்திருப்பதாகவே நம்பியிருக்கும்! சிலவேளை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இறந்துவிட்டதென்று பதறிப் புதியவர்கள் அதனை வெளியே எடுத்துவிடுவதுண்டு. செவுள் அசைகின்றதா என முதலிற் பார்க்கவேண்டும்.

வளர்ந்தபின் வைத்திருக்க இடமில்லையெனில், ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுதல் பெருந்தவறு. ஆசியாவின் வேறு நாடுகளிலிருந்து வந்த, உறவில்லாத மற்றொரு கத்திமீன் இவ்வாறு வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியேறி, இலங்கையின் நன்னீரிலே பெருகிச் சுதேச மீன்களை உண்டு வருகின்றது. பெரிய தொட்டி உடையவரிடமோ விற்ற கடையிலோ ஒப்படைப்பதே முறை.

உணவு புழுவும் இறாற்றுண்டுமாகும். மின்னும் சிறு மீன்களை உடன்விட்டால் அவையும் இரவிலே உணவாகிவிடும். விளக்கை அணைத்தபின்பே இரை கொடுக்கவேண்டும். தொடக்கத்தில் பல நாட்கள் குழாயை விட்டு வராது; பொறுத்திருக்கவேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் புழுவைப் பிடித்திருந்தால், ஒருநாள் இருளிலே கரிய நாடாவொன்று மெல்லப் பின்னோக்கி வந்து, விரலைச் சுற்றி ஒருமுறை வலம்வந்து, கையிலிருந்தே இரையை எடுத்துக்கொண்டு போகும்.